வாசலுக்கு வந்த சாண கேஸ்

போன வாரம் சேரன்மகாதேவியில் நண்பர் முத்தையா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில், கோலத்துக்குப் பக்கத்திலேயே, சிமென்ட் பூசிய ஒரு மேடு. சாண எரிவாயுக் கலன்! இதைப் போய் யாராவது வாசலில் கட்டுவார்களா?

முத்தையா பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் இரண்டு மாடு. சிலிண்டருக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர், பொறுமையிழந்து சாண கேஸ் போட்டார். மனைவி சண்முகத்தாய்க்கு அதில் இஷ்டமில்லை. வருகிறவர்கள் கண்ணில் படாமல் கொல்லைக் கடைசியில் — ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் — இருந்துவிட்டுப் போகட்டும் என்றுவிட்டார். குழிமேல், கேஸைப் பிடித்துவைக்க மிதக்கிற இரும்பு டிரம். அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது.

முந்தின வருஷ மழையில் தாமிரபரணி கொல்லைக்குள் வந்தது. வடிந்தபோது குழி முழுக்க வண்டல். டிரம் எங்கோ ஒரு வாழைத்தோப்பில் நசுங்கிக் கிடந்தது. தெருவே விசாரித்தது... பாதி அக்கறை, பாதி சிரிப்பு. இனி இந்த வேலையே வேண்டாம் என்று முடிவு கட்டினார் முத்தையா.

ஆனால் உலை கொதித்தாக வேண்டுமே? விறகெல்லாம் ஈரம். மண்ணெண்ணெய்க்கு க்யூ. வீடு முழுக்கப் புகை. இழுப்புக்காரியான மகளுக்கு மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரும்பி வந்ததும் சண்முகத்தாய் சொன்னாராம்:

"திரும்பக் கட்டுங்க. இந்தத் தடவ எடத்த நான் சொல்லுதேன்."

"கொல்லைல வேற எடம் ஏது?"

"வாசல்ல கட்டுங்க. வெள்ளம் அங்கன ஏறலல்லா?"

ஊர் என்ன சொல்லும் என்று தயங்கியவர் இப்போது முத்தையா! கொத்தனாரை விசாரித்து, டிரம்மே இல்லாமல், மண்ணுக்குள் கவிழ்த்த சட்டி மாதிரி செங்கல் கூண்டாகக் கட்டினார்கள். இந்த வருஷமும் ஆறு கொல்லைக்குள் வந்தது. அடுப்பு அணையவில்லை.

யோசித்துப் பார்த்தேன். ஒரு வெள்ளமோ புயலோ வந்தால், புதிதாக முயன்றதைத்தான் நாம் முதலில் கைகழுவுகிறோம். தோற்றது யோசனையா, அதை வைத்த இடமா — யார் கேட்கிறார்கள்? புகையில் நின்று சமைக்கிறவர்களிடம் கேட்டிருந்தால் அவ்வளவு சுலபமாகக் கைவிட்டிருப்போமா?

நான் கிளம்பும் நேரம், அடுத்த தெருவில் மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்யும் காதர் பாய் வந்தார். அவரும் ஒன்று கட்டப்போகிறாராம். இடம் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். முத்தையா உற்சாகமாகச் சட்டையை மாட்டினார்.

"சார் இருக்கட்டும்," என்றார் பாய், பைய. "அக்கா வந்தாப் போதும்."