சாய்ரா சாத்தும் கதவு

கதவைச் சாத்தும்போது சாய்ரா மூச்சை அடக்கிக்கொள்வாள். ஒரு கையால் கதவைப் பிடித்து, மறு கை விரல்களைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் கொடுத்து, ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே மூடுவாள். பரங்கிப்பேட்டை வீட்டில் இது தினசரி வேடிக்கை. "கதவ சாத்துறியா, புள்ளைய தூங்க வெக்கிறியா?" என்பார் உம்மா அமீருன்னிசா.

பெங்களூரில் ஆராய்ச்சி செய்த வருடங்களில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. லேசர் ஒளியால் அணுக்களைக் குளிரவைத்து, அசைவடங்கியதும் ஒளியாலேயே கட்டம் போட்டு அவற்றை நிறுத்தி, உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் போடும் ஆட்டத்தை அந்த அணுக்களையே ஆடவிட்டுப் பார்ப்பது அவள் வேலை. யாராவது கதவை அறைந்தால் லேசர் தடம் மாறிவிடும். காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் வீண். ஒருமுறை அப்படி அறைந்தவரை, "மாட்டுக் கொட்டாயின்னு நெனச்சியா?" என்று திரும்பாமலே கத்திவிட்டாள். அவர் துறைத்தலைவர். நல்லவேளை, அவருக்குத் தமிழ் தெரியாது.

ஆராய்ச்சி முடிந்து ஊருக்கு வந்த பிறகும், கடலூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் பஸ்ஸைத் தட்டினால் திரும்பி முறைப்பாள்.

வாப்பா அப்துல் ஹக் நேர் எதிர். சிங்கப்பூரில் கடை ஷட்டரை இழுத்து மூடியே பழகிய கை. அவர் வீட்டுக்கு வந்துவிட்டார் என்பது தெருக்கோடி வரை தெரியும்.

2010 ஆடியில், ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்கூட வேலைக்கு அவளைப் போனில் நேர்காணல் செய்வதாக இருந்தது. வாப்பாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

"சிதம்பரத்துல காலேஜ் வேலைக்குப் போயேன். பஸ்ஸு ஏறினா வந்துடலாம். அவ்ளோ தூரம் தனியா ஏம்மா போவணும்?"

"அங்க லேசர் ஏது வாப்பா? இத விட்டா திரும்ப ஆய்வுக்கூடத்துக்குள்ள போவ முடியாது."

அவர் கதவை அறைந்துவிட்டு வெளியே போனார். அது கோபமில்லை, பயம் என்று அவளுக்குத் தெரியும். கோபமாக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நேர்காணலன்று ஜன்னலையெல்லாம் அடைத்தாள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், வாசல் கதவு எந்த மூலைக்கு? வாப்பா சாயங்கால அசர் தொழுகைக்குப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் முடிந்துவிடவேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனை எடுத்தாள். முடியவில்லை. அணுக்கள் காட்டும் ஆட்டம் சரியானதுதான் என்று எப்படி நம்புவது என அவர்கள் கேட்ட நேரம், வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வாய்வரை வந்த பதில் நின்றுபோனது. தோளைக் குறுக்கிக்கொண்டு அந்த அறைதலுக்காகக் காத்திருந்தாள்.

சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தாள்.

தொப்பி கழற்றாத தலையோடு, காற்று தள்ளும் கதவைத் தோளால் தாங்கியபடி, வாப்பா நிலையிடுக்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தார், மூச்சை அடக்கிக்கொண்டு.