ஹம்ப் வந்தால் இறங்கும் கணவர்

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் பழைய ஸ்போர்ட்ஸ் செடான் வாங்கப் புறப்பட்டால், பையனுக்குக் கேட்கிறாள் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். பையன் இல்லை என்று தெரிந்தால், பாவம், உடம்புக்கு ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். எனக்குப் பையனும் இல்லை, உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறது. அதனால் வண்டி பார்க்கப் போன இடத்திலெல்லாம் "சார் வரலையா மேடம்?" என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே ஓய்ந்து போனேன்.

சார் வந்துதான் இருந்தார். தெருமுனையில் எங்கள் உயரமான காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் காரில் கியர் தானே மாறும், கதவைத் திறந்தால் நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்காரலாம். என் கணவருக்கு மூட்டுவலி. ஓய்வு பெற்றதிலிருந்து அவருடைய மூட்டுதான் எங்கள் வீட்டின் மூன்றாவது ஆள். அவர் வண்டி ஓட்டினால் மடியில் ரசப் பாத்திரம் வைத்திருப்பது போல ஓட்டுவார். கல்யாணமான நாளிலிருந்து நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "லெஃப்ட்ல பைக் வருது" என்று சொல்லும் உத்தியோகம் பார்த்துவந்தேன். பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் உத்தியோகம். இரண்டிலும் நான் சொல்வதை யாரும் கேட்பதில்லை.

எனக்கு வேண்டியது கையால் போடுகிற கியர், பெட்ரோல் இன்ஜின், தரையோடு ஒட்டின உடம்பு. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஏன் எதற்கு என்று கேட்காமல் திரும்ப வேண்டும். புது வண்டிகளில் இந்த ஜாதி அபூர்வமாகிவிட்டது. பழசில் கிடைக்கும், ஆனால் வரும்போதே வியாதியும் கூட வரும். பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒன்று பார்த்தேன். உள்ளே ஊதா விளக்கு, சீட்டெல்லாம் பிரியாணி வாசனை, புகைக்குழாயைச் சரிசெய்ய மட்டும் ஓர் ஆஸ்பத்திரிச் செலவு. இன்னொருவர் வண்டியைக் காட்டவே மாட்டேன் என்றார். முதலில் நான் எப்படிப்பட்ட மனுஷி என்று தெரிய வேண்டுமாம். பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை அத்தனை கேள்வி கேட்கவில்லை.

பழைய கார் வாங்குகிறவர்கள் கையில் ஒரு காந்தம் வைத்திருப்பார்கள். தகரம் இருக்கிற இடத்தில் ஒட்டும், அடிபட்டுப் பட்டி மாவு பூசி பெயின்ட் அடித்த இடத்தில் ஒட்டாது. எங்கள் வீட்டில் இருந்த ஒரே காந்தம் ஃப்ரிட்ஜ் கதவில் கரன்ட் பில்லைப் பிடித்துக்கொண்டிருந்த வேளாங்கண்ணி மாதாதான். அவரையே கைப்பையில் போட்டுக்கொண்டு ஜோகுபாளையத்தில் ஒரு வண்டியைப் பார்க்கப் போனேன்.

விற்பவர் கனடா போகிற சாஃப்ட்வேர்காரர், இளைஞர். வண்டி கருநீலம். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் உடனே பார்ட்ஸ் கிடைக்காதே என்று துக்கம் விசாரிக்க வருவார்கள். பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததை முகத்தில் காட்டாமல், மாதாவை எடுத்து பானெட்டில் வைத்தேன். ஒட்டியது. முன் கதவில் வைத்தேன், ஒட்டியது. நிமிர்ந்து பார்த்தால் அந்த இளைஞர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கூப்பி நின்றுகொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவியும் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு வந்து நின்றாள். நான் வண்டியை மந்திரிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். இது மந்திரிப்பு இல்லை, மாவு இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? நானும் உதட்டை லேசாக அசைத்தபடி பின்பக்கம் போனேன். பின் கதவில் மாதா நிற்காமல் வழுக்கித் தரையில் விழுந்தார்.

இளைஞரின் முகத்தில் ஈயாடவில்லை. "மேடம், சத்தியமா சொல்லிடறேன். அங்க மட்டும் ஒரு வாட்டி ஆட்டோ இடிச்சிச்சு. நானே சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார்.

இவ்வளவு நேர்மையான விற்பனையாளரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றைக்கே முடித்துவிட்டேன்.

சாவியைக் கொடுக்கும்போது அவர், தெருமுனையிலிருந்து வந்து சேர்ந்த என் கணவரைப் பார்த்து ஒரு விஷயம் சொன்னார். "சார், வண்டி ரொம்ப லோ. பெரிய ஹம்ப், ஸ்பீட் பிரேக்கர்னு வந்தா அடி தட்டும். பக்கத்துல இருக்கறவங்க மட்டும் கீழ எறங்கிட்டா வண்டி ஸ்வல்ப மேல வரும், தட்டாம போயிடும். நாங்க அப்படித்தான் பண்ணுவோம்."

"எறங்கணுமா?" என்றார் என் கணவர்.

"தாண்டினதும் ஏறிக்கலாம் சார்."

என் கணவர் தன் மூட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வந்த பிறகு தீர்ப்பைச் சொன்னார். "ஸ்கூல் தொறக்கற வரைக்கும் பாக்கறேன். எனக்கு ஒத்து வரலேன்னா வித்துடணும். அப்புறம் அழக்கூடாது."

சரி என்று தலையாட்டினேன். அந்தக் கோடை விடுமுறை முழுக்க, காலண்டரைக் கிழிக்கும்போதெல்லாம் மிச்ச நாளை எண்ணினேன்.

தனியாக ஓட்டும்போது மட்டும் அந்தக் கணக்கு மறந்துபோகும். விடிந்ததும் பழைய மெட்ராஸ் ரோட்டில் ஹோஸ்கோட்டே பக்கம் போய், ஒரு இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவேன். இரண்டாவது கியரில் அழுத்தினால் முதலில் ஒன்றும் நடக்காது, இன்ஜினில் டர்போ பெருமூச்சு விடும், பிறகு முதுகை யாரோ பிடித்துத் தள்ளுவார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும், வாய்விட்டே சிரிப்பேன். மூன்றாவது கியர் விழுகிற அந்த 'டக்' இருக்கிறதே, அதைக் கேட்பதற்காகவே தேவையில்லாமல் கியரை மாற்றுவேன். வீட்டில் இட்லி மாவு வைத்துக்கொண்டு இட்லி சாப்பிட அவ்வளவு தூரம் போகிறவளை என்ன சொல்வது என்று என் கணவர் கேட்டார். இன்னும் பசிக்கிறது என்றேன்.

அவர் ஏறினால்தான் கஷ்டம். ஜீவனஹள்ளியில் எங்கள் தெருமுனையில் ஒரு ஹம்ப் இருக்கிறது. கார்ப்பரேஷன் போட்டதல்ல, தெருக்காரர்களே மிச்ச சிமென்டைக் கொட்டி எழுப்பியது. அதன் முன்னால் நான் நிறுத்துவேன். என் கணவர் இடது காலை வெளியே வைப்பார், கதவைப் பிடிப்பார், "யேசுவே" என்பார், எழுந்திருப்பார். நான் வண்டியைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவேன். அவர் நடந்து தாண்டி வந்து, மறுபடி "யேசுவே" சொல்லி உள்ளே விழுவார். பெங்களூர் பூராவும் இப்படியே போனோம். அவ்வளவு பக்தியாக அவரை நான் தவக்காலத்தில்கூடப் பார்த்ததில்லை.

எதிர்வீட்டு அம்மா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தெனமும் பாக்கறேன் டீச்சர். வண்டி தெரு முனைக்குப் போறதுக்குள்ள என்ன சண்டையோ, கோச்சிக்கிட்டு எறங்கி நடக்கறாரு. அப்புறம் மனசு கேக்காம வந்து ஏறிக்கறாரு. நீங்கதான் கொஞ்சம் வாயைக் கொறைச்சுக்கணும், பாவம் மனுஷன்."

அதைக் கேட்டு என் கணவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அடுத்த நாளிலிருந்து ஹம்ப்பில் இறங்கும்போது கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தார். ஆனால் ராத்திரி மூட்டுக்கு எண்ணெய் தேய்க்கும்போது அவர் முகம் உண்மையிலேயே வாடியிருந்தது. நடிப்பு எது, வலி எது என்று எனக்குத் தெரியும். வண்டி போய்விடும் என்று மனசுக்குள் தயாராக ஆரம்பித்தேன். தயாராகவே முடியவில்லை. பார்க்கிங்கில் போய் நின்று அதன் கூரையைத் தடவிவிட்டு வருவேன்.

பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் நாத்தனார் வீட்டில் விருந்து. அங்கே பெரிய பாத்திரத்தில் மட்டன் பிரியாணி. திரும்பும்போது நாத்தனார் டிக்கியில் ஒரு முழுப் பலாப்பழத்தையும் ஒரு மூட்டை மாம்பழத்தையும் ஏற்றிவிட்டார். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. என் கணவரும் பிரியாணிக்குப் பிறகு முன்பிருந்த எடையில் இல்லை.

அத்திபெலே தாண்டி சர்வீஸ் ரோட்டில் ஒரு ஹம்ப் வந்தது. ஹம்ப் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அது ஒரு சின்னக் குன்று. என் கணவர் போனையும் பர்ஸையும் கப் வைக்கிற குழியில் போட்டுவிட்டு, கதவைப் பிடித்து, ஆண்டவரைக் கூப்பிட்டு இறங்கினார். "இதுதான் கடைசி தடவை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

கடைசி தடவையென்றால் ஒழுங்காகத் தாண்டிக் காட்ட வேண்டும் என்று வீம்பு வந்தது. குறுக்காகத் திருப்பினேன். க்ளட்சில் காலை மிதக்க விட்டேன். முன் சக்கரம் ஏறியது, இறங்கியது. பின் சக்கரம் பலாப்பழத்தோடு ஏறியது, இறங்கியது. ஒரு உரசல் இல்லை, ஒரு சின்னச் சத்தம் இல்லை!

எதிரே ரோடு காலியாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பக்கம் அப்படி ஒரு காலி ரோட்டை நான் பார்த்ததே இல்லை. அழுத்தினேன். பெருமூச்சு வந்தது, முதுகில் கை வைத்துத் தள்ளியது. மூன்றாவது கியர் டக்கென்று விழுந்தது.

"பாத்தீங்களா? ஒரு சத்தம் இல்ல!" என்றேன்.

என் கணவர் பதில் சொல்லவில்லை. அசந்து போயிருக்கிறார் என்று நினைத்தேன். இரும்பு சூடாக இருக்கும்போதே அடிக்க வேண்டுமென்று, கோடை முழுக்க மனசுக்குள் எழுதி வைத்திருந்த பேச்சை எடுத்துவிட்டேன். "இங்க பாருங்க, எனக்குன்னு நான் எதையும் கேட்டதில்ல. நகை கேட்டேனா? ஊட்டி கேட்டேனா? உங்க முட்டிக்கு நான் என்ன வேணா பண்றேன், டாக்டரை மாத்துவோம், சீட்டுக்கு அடியில ரெண்டு தலகாணி வைக்கறேன். இந்த ஒண்ணை மட்டும் எடுத்துக்காதீங்க." அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு பொறுமையாக என் பேச்சை அவர் கேட்டதே கிடையாது. எனக்கு அவர்மேல் பிரியம் பொங்கியது.

சந்தாபுரா வந்தபோது அவருடைய போன் அடித்தது. "உங்க அக்காதான், எடுங்க" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். சீட்டில் யாரும் இல்லை.

ஐயோ என்று நான் கத்தியதில் பக்கத்தில் பைக்கில் போனவர் ஹெல்மெட்டோடு திரும்பிப் பார்த்தார். நாத்தனாரிடம் "வந்துட்டிருக்கோம்" என்று பன்மையில் ஒரு பொய்யைச் சொல்லி வைத்துவிட்டு, மேம்பாலத்துக்கு அடியில் வண்டியைத் திருப்பினேன். என் வாழ்க்கையிலேயே மெதுவாக நகர்ந்த தூரம் அதுதான். சாலையெல்லாம் லாரி. போனும் பர்ஸும் என்னிடம், மூட்டு அவரிடம். வெயில் வேறு கொளுத்தியது. இனி பேச்சே இல்லை, நானே நாளைக்கு விளம்பரம் போட்டு விற்றுவிடுகிறேன், அவர் நல்லபடியாக நின்றுகொண்டிருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

அவர் ஹம்ப்புக்குப் பக்கத்து டீக்கடையில், வேப்பமர நிழலில், கடைக்காரர் போட்டுக் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உயரமான நாற்காலி. கையில் டீ. சுற்றிலும் நாலைந்து பேர். கதை முழுக்கச் சொல்லியாகிவிட்டது என்று அவர்கள் பார்வையிலேயே தெரிந்தது. "மேடம் பந்த்ரு, மேடம் பந்த்ரு" என்று ஒருவர் கன்னடத்தில் என் வரவை அறிவித்தார். கடைக்காரர் தமிழில் கேட்டார், "ஏன்கா, எங்கண்ணனை இங்கயே உட்டுட்டு பலாப்பழத்தை மட்டும் கூட்டிக்கினு போய்ட்டியே?"

நான் கணவருக்கு எதிரில் போய் நின்றேன். "வித்துடலாங்க" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். "நீ போறப்ப ஜன்னல் கண்ணாடி வழியா உன் மூஞ்சியைப் பாத்தேன்" என்றார். "கல்யாணத்தன்னிக்குக்கூட நீ அப்படிச் சிரிக்கல."

"அன்னிக்கு நீங்க பக்கத்துல இருந்தீங்க" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

டீக்கடையே அதிர்ந்தது. என் கணவர் சிரித்த சிரிப்பில் டீ வேட்டியில் கொட்டியது. சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உள்ள உக்காந்தா எனக்கு முட்டிதான் தெரியுது" என்றார். "வெளியில நின்னு பாத்தாதான் நீ ஓட்டறது தெரியுது. இவ்ளோ நல்லா ஓட்டுவேன்னு இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அதைச் சொல்ல அது நேரமில்லை.

"வண்டி இருக்கட்டும்" என்றார் அவர். பிறகு டீ கிளாஸைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, எழுந்து வந்து ரோட்டோரமாக நின்றார். அந்த நாலைந்து பேரும் அவர் பின்னாலேயே வந்து நின்றார்கள். "இன்னொரு வாட்டி போ, பாக்கலாம். அந்தப் பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்ட்டு வா. திரும்பி வரணும், ஞாபகம் இருக்கட்டும்."

நான் போனேன். எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற பயத்தில் இரண்டாவது கியரைச் சரியாகப் போடவில்லை, வண்டி ஒரு குதி குதித்தது. கண்ணாடியில் பார்த்தால் அவர் அதற்கும் கை தட்டிக்கொண்டிருந்தார்.