கேக்கின் மேல் பிள்ளையார் சுழி

இன்றுதான் முதல்முறையாகக் கேக் அலங்கரித்தேன். இப்போது அடுக்களையை விட்டு வெளியே வர முடியவில்லை.

சாயங்காலம் இவருடைய ஆபீஸ் வெள்ளைக்காரத் துரை காப்பிக்கு வருகிறார். குற்றாலத்துப் பங்களாவில் சமைக்கும் மேரியக்கா சொல்லித்தந்தபடி, முட்டை வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துக் கேக்கின் மேல் பூசினேன்.

எங்கள் வீட்டில் முட்டை நுழையாது. இவர்தான் துண்டில் மறைத்துக் கொண்டுவந்தார். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார்கள்.

இங்கிலீஷில் ‘வெல்கம்’ எழுதக் காகிதக் கூம்பைப் பிழிந்தேன். கைப்பழக்கம்! முதலில் பிள்ளையார் சுழி விழுந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அத்தை உள்ளே வந்தார்கள்.

“ஏட்டி, சுழி போட்டதுல துரை கத்தி வைக்கவா? சாமிக்கு வச்சிட்டுத் தெருவுக்கே குடுப்போம்.”

தட்டோடு தூக்கிப்போய்ப் பூசையறையில் வைத்து விளக்கும் ஏற்றிவிட்டார்கள்.

இவரைப் பார்த்தேன். “அம்மைட்ட நீயே சொல்லு” என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

வாசலில் அத்தை எல்லாரையும் கூப்பிடுகிறார்கள். சொன்னால் நான் தொலைந்தேன். சொல்லாவிட்டால் தெருவே முட்டை தின்னும்.

யாராவது ஒரு வழி சொல்லுங்கள். எங்கள் தெருக்காரர்கள் மட்டும், பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.