ஆஞ்சப்பன் நட்ட களை

ஜவளகிரிப் பக்கம் களையெடுப்பதில் ஆஞ்சப்பனை மிஞ்ச ஆள் கிடையாது. அவன் இறங்கிய ராகிக் கொல்லையில் ஒரு கோரைகூட மிச்சமிருக்காது. முப்பது வருஷமாக அடுத்தவர் நிலத்திலேயே வளைந்த முதுகு அது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷம் காட்டிலாகா அவனுக்குக் காட்டோரத்தில் இரண்டு ஏக்கர் விட்டது. சொந்தமாக அல்ல. ராகி போட்டுச் சாப்பிட்டுக்கொள்ளலாம். நடுநடுவே ஊன்றிய சந்தனக் கன்றுகளை வளர்த்துத் தர வேண்டும். இரண்டாம் வருஷம் தை மாதம் ரேஞ்சர் வந்து பார்ப்பார். பாதிக்கு மேல் பிழைத்திருந்தால் நிலம் தொடரும், இல்லாவிட்டால் பழையபடி கூலி.

ஆஞ்சப்பனும் மனைவி மாரம்மாவும் உயிரைக் கொடுத்து உழைத்தார்கள். ஆவாரை, புங்கங்கன்று எல்லாம் வேரோடு போயிற்று. உதிர்ந்த சருகைக்கூட விடாமல் கூட்டிப் பற்றவைத்தான். நிலம் பெருக்கித் தெளித்த வாசல் மாதிரி இருந்தது. பார்த்தவர்கள் மெச்சினார்கள். அவனுக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் போயிற்று.

இரண்டாம் வருஷம் கன்றுகள் வெளிறத் தொடங்கின. நோயா, பூச்சியா, யார் கண்ணாவது பட்டதா, ஒன்றும் பிடிபடவில்லை. எரு சுமந்து போட்டான். இன்னும் ஆழமாகக் கொத்திவிட்டான். கொத்தக் கொத்தக் கன்று சாய்ந்தது. மழை வேறு வந்து வெறும் மண்ணை வழித்துக்கொண்டு பள்ளத்துக்குப் போனது.

அவனை அதிகம் குழப்பியது பக்கத்துத் துண்டுதான். அது சென்னம்மா என்பவளுக்குக் காட்டிலாகா விட்டது. பாவம், இடுப்பு வலியில் பாதி நாள் படுத்தே கிடந்தாள். அவள் நிலம் புதர் மண்டிக் கிடந்தது. சந்தனமோ அந்தப் புதருக்குள் முழங்கால் உயரத்துக்குக் கொழுகொழுவென்று நின்றது. இது எந்த ஊர் நியாயம் என்று ஆஞ்சப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

தைக்கு முன்னாலேயே, கார்த்திகையில் ரேஞ்சர் ஒரு நடை வந்தார். ஆஞ்சப்பன் நிலத்துக் கன்றுகளில் மூன்றில் ஒன்றுதான் உயிரோடு இருந்தது. சந்தனம் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றி உறிஞ்சித்தான் வளரும், அறுவடையோடு போகிற ராகி அதற்குப் போதாது, சருகு இல்லாத மண்ணில் ஈரமும் நிற்காது என்று பொறுமையாக விளக்கினார். ஆஞ்சப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அப்போ இனி நான் என்ன பண்றதுங்க?"

"புடுங்கினதையெல்லாம் திரும்ப நடு. ஒரு வருஷம் பாக்கறேன். இருக்கறதாவது பொழைச்சு நின்னா நெலம் உங்கிட்டயே இருக்கும்."

கிண்டல் பண்ணுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தான். அவர் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து ஓடைக்கரை ஆவாரையை மண்ணோடு பெயர்த்து, கூடையில் சுமந்து வந்து, ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் நட்டுத் தண்ணீர் ஊற்றினான். தளி சந்தைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அவனுக்கு மானமே போயிற்று. கை நட்டது, மனசு பிடுங்கு பிடுங்கு என்றது.

ஒரு மாதம் போயிருக்கும். கஞ்சி கொண்டுவந்த மாரம்மா, கலயத்தை இறக்கி வைத்துவிட்டு, பழக்கத்தில் குனிந்து ஓர் ஆவாரையைப் பிடித்து இழுத்தாள்.

"அதுல கை வெக்காதேடி," என்று ஆஞ்சப்பன் ஓடி வந்தான். "அது போனா நாம மறுபடியும் கூலிக்குத்தான் போவணும்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். பாதி வெளியே வந்திருந்த வேரை அவன் மண்ணுக்குள் தள்ளி, இரண்டு கையாலும் அழுத்தினான். தான் செய்வது விவசாயமா, பைத்தியக்காரத்தனமா என்று அவனுக்கே தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, குடிக்க வைத்திருந்த தண்ணீரை அதன் தலையில் ஊற்றினான்.