கதவில் தட்டியவர்

மகளின் பதினாறாவது பிறந்தநாளை ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் வைத்தோம். வாசலில் காவலுக்கு நின்றவர் ஜமேக்காக்காரர். நெடிய மனிதர், நரைத்த தாடி. உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். மற்றப்படி, பின்னேரம் முழுக்க எங்கள் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே அசையாமல் நின்றார்.

சாப்பாடு முடிந்ததும், பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த என் மருமகன் டான்ஸ்ஹோல் பாட்டு ஒன்றைப் போட்டான். அது அந்த மனிதரின் நாட்டு இசை. சேலை கட்டிய பிள்ளைகள் வரிக்கு வரி பாடி ஆடினார்கள். அவர் திரும்பி, கதவில் உள்ளங்கையால் படபடவென்று தட்டினார்.

சத்தம் கூடிவிட்டதென்று பயந்துபோனேன். என்னவென்று கேட்க எனக்கு இங்கிலிஷ் வராது. மேடைக்கு ஓடினேன்.

"தம்பி, நிப்பாட்டு! செக்கியூரிட்டி ஏசப்போறார்."

பாட்டு நின்றது. மருமகன் தலையில் கைவைத்தான்.

"ஐயோ மாமா, அவையள் பாட்டுப் பிடிச்சாத்தான் அப்பிடித் தட்டுவினம். நீங்கள் தியேட்டரில விசிலடிச்ச மாதிரி. மனுசன் சந்தோசத்தில தட்டினது!"

"அப்ப திரும்பப் போடு. முதலில இருந்து போடு."

போட்டான். நான் வாசலுக்குப் போய் "சொறி" என்றேன்.

"நோ ப்ரொப்ளம், பொஸ்" என்று சிரித்துத் தொப்பியைத் தொட்டார். பிறகு கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

பாட்டு முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன். அவருடைய கால் மட்டும் தாளம் போட்டது. கைகள் வெளியே வரவில்லை.

நானாவது அந்தக் கதவில் ஒருமுறை தட்டியிருக்கலாம். ஆட்கள் பார்ப்பார்களென்ற வெட்கத்தில் அதையும் செய்யவில்லை.