எதிர்த்துப் பேச அவள் இல்லை

கணினி எடுக்கும் முடிவுகள் எல்லோருக்கும் நியாயமாக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. சிதம்பரத்தில் ஒரு டீக்கடைக்கு மேலே, வாடகை மாடியில் இருக்கும் சின்ன ஆராய்ச்சி மையம். கடன் கேட்டு ஒருவர் செல்போனில் விண்ணப்பம் போடுகிறார். இவர் திருப்பிக் கட்டுவாரா என்று கணினி யோசித்து ஒரு மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் குறைந்தால் கடன் இல்லை. ஏன் இல்லை என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. நாங்கள் அதைத்தான் நோண்டுகிறோம். சொந்தக்காரர்களிடம் சொன்னால், "இதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்களா?" என்கிறார்கள். கொடுக்கிறார்கள். அவர்களுக்கு என்ன வந்தது?

இந்த வேலையில் எனக்குப் பிடித்தது கணக்கு அல்ல, எதிர் மேசையில் இருந்தவள். பெண்ணாடத்துக்காரி. ஊரில் ஒரு உரக்கடையில் கணக்கெழுதிக்கொண்டே புள்ளியியலில் எம்.எஸ்சி.யை அஞ்சல் வழியில் படித்தவள். கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், அவள் அக்கா வீடு. என் வீடும் ஓ.டி.யில்தான். காலையில் ஒரே பாசஞ்சரில் ஏறுவோம். செம்மங்குப்பம் பக்கம் வரும்போது ரசாயன ஆலை நாற்றத்துக்கு ஜன்னலை இறக்குவோம். ஆலப்பாக்கம் வருவதற்குள் சண்டை ஆரம்பித்துவிடும்.

அவள் கட்சி இது: ஒரே மதிப்பெண் வாங்கியவர்களுக்கு ஒரே முடிவு. எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அறுபது என்றால் அறுபது. என் கட்சி வேறு. ஒழுங்காகக் கட்டக்கூடிய ஆளையே கணினி சில சமயம் தள்ளிவிடுகிறது. அந்தத் தவறு யார் தலையில் அதிகம் விழுகிறது என்று பார்க்க வேண்டும். லால்பேட்டையில் பல வீடுகளுக்கு வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் பணம் வருகிறது, ஆனால் சம்பளச் சீட்டு கிடையாது. சீட்டு இல்லையென்று கணினி மதிப்பெண்ணைக் குறைத்தால் அது என்ன நியாயம்? இரண்டு நியாயத்தையும் ஒன்றாக வைத்துக்கொள்ளக் கணக்கு பெரும்பாலும் இடம் கொடுப்பதில்லை. இது நாங்கள் கண்டுபிடித்ததில்லை, உலகத்துக்கே தெரிந்தது. எதை விடுவது என்பதில்தான் சண்டை.

ஒருநாள் கூடையோடு எதிரில் உட்கார்ந்திருந்த மீன்கார அம்மா பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"எந்தச் சொத்துக்கும்மா இந்த அடி அடிச்சுக்கிறீங்க?"

"சொத்து இல்லக்கா. லால்பேட்டைல ஒருத்தரு கடன்," என்றாள் அவள்.

"அவரு வாங்குன கடனுக்கு நீங்க ஏன் சாவுறீங்க?"

"அவருக்குக் குடுக்கவே இல்லக்கா. அதுக்குத்தான்."

அந்த அம்மா எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கூடையை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்தார்.

இந்தக் கடன் ஆராய்ச்சித் திட்டத்துக்கு வந்த நிதி முடிந்ததும், அதற்காக எடுத்த அவளுக்கு வேலை போனது. நான் நிரந்தர ஆள், தங்கிவிட்டேன். அவள் சென்னையில் ஒரு கம்பெனிக்குப் போனாள். அதற்குப் பிறகு ரயிலில் நான் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பேன். எவ்வளவு பேர் ஏறினாலும் பெட்டி காலியாக இருப்பது போலத்தான் தோன்றும். எதையாவது எழுதினால் அவள் என்ன சொல்லித் திட்டுவாள் என்று நானே இரண்டு குரலில் யோசிப்பேன். அவள் குரலில் எனக்குச் சரியாக யோசிக்க வரவில்லை. நான் யோசிக்கிற அவள் எப்போதும் தோற்றுப்போகிறாள். நிஜத்தில் அவள் அப்படித் தோற்றவள் இல்லை.

பிறகு மையத்துக்குப் புது நிதி வந்தது. அதே வேலைக்கு ஓர் ஆராய்ச்சியாளர் வேண்டும் என்று அறிவித்தார்கள். அவளிடம் சொன்னேன். அவளும் விண்ணப்பம் போட்டாள். எதிர் மேசையில் குவிந்திருந்த பழைய தாள்களை அள்ளி ஓரமாக வைத்தேன். துடைத்தும் வைத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன்.

நேர்காணல் பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை.

நேராக இயக்குநர் அறைக்குப் போனேன்.

"சார், அவ எழுதுன கட்டுரையத்தான எல்லா எடத்துலயும் காட்டுறோம்?"

"ஆமாம்மா. யாரு இல்லன்னது?"

"அப்ப ஏன் சார் பேரு இல்ல?"

"அஞ்சல் வழிப் பட்டத்துக்கு மார்க் கெடையாது. இந்தத் தடவ விதி அப்படி. கட்-ஆஃப் கோட்டுக்குக் கீழ போயிட்டாங்க."

"நாம ஆராய்ச்சி பண்றதே இந்த மாதிரி கோட்டப் பத்தித்தான சார்?"

"கத்தாதம்மா. கீழ டீக்கடை வரைக்கும் கேக்குது."

"கேக்கட்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கெட்டவர் இல்லை. "சரி, ஒன்னு பண்ணலாம். சிறப்பு அனுமதின்னு ஒரு ஆள நேரடியா நேர்காணலுக்குக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கு. நீ எழுதிக் குடு. கூப்பிடுறேன்."

படியில் இறங்கும்போதே போன் போட்டேன்.

"ஏய், நீ வர்றடி. சாரு உன்ன தனியாக் கூப்பிடுறாராம்."

"பட்டியல்ல என் பேரு இருக்கா?"

"இல்ல. அதான் தனியா."

"அஞ்சல்ல படிச்சவங்க வேற யாராவது போட்டிருக்காங்களா?"

தெரியாது என்றேன். பார்க்கச் சொன்னாள். திரும்ப மேலே ஏறி விண்ணப்பங்களைப் பார்த்தேன். இருந்தார்கள். அந்தப் பட்டத்துக்கும் மார்க் போட்டால் அவளுக்கு மேலேயே வரக்கூடியவர்களும் இருந்தார்கள். மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப வேணாம்," என்றாள்.

"லூசாடி நீ?"

"அவுங்கள விட்டுட்டு என்ன மட்டும் ஏன் கூப்பிடணும்? உனக்கு என்னயத் தெரியும்ங்கறதாலயா?"

"உன் வேலை எனக்குத் தெரியும்டி."

"அவுங்க வேலை உனக்குத் தெரியாது. அவ்ளோதான் வித்தியாசம். கேட்டா எல்லாருக்கும் கேளு. இல்லன்னா கேக்காத."

எனக்குக் கோபம் வந்த வேகத்தில் நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை. ரயிலில் பேசுவதற்கு அது சரி, சொந்தப் பிழைப்பிலா அதைச் செய்து பார்ப்பாள்? "உனக்குத் திரும்பி வரணும்னே இல்லையாடி?" என்று கேட்டேன்.



"வரணும்டி," என்றாள். "இங்க எல்லாரும் ரொம்ப மரியாதையாப் பேசுறாங்க. செத்துருவேன் போலருக்கு."

அதைக் கேட்ட பிறகும் அவளுக்கு மட்டும் எழுதிக் கொடுக்க என் கை நீண்டது. எழுதினால் அவளை அழைத்துவிடுவார்கள், அவள் வர மாட்டாள், அது எனக்குத் தெரியும். கடைசியில் அஞ்சலில் படித்த எல்லோருக்கும் கேட்டுத்தான் எழுதினேன். இயக்குநர் படித்துவிட்டு நியாயம்தான் என்றார். ஆனால் விதியை மாற்றக் குழு கூட வேண்டும், அடுத்த முறை ஆள் எடுக்கும்போதுதான் நடக்கும் என்றார். அடுத்த முறை எப்போது? நிதி வரும்போது. நிதி எப்போது வரும்? அதற்கு மட்டும் யாரிடமும் கணக்கு இல்லை.

புது ஆள் சேர்ந்துவிட்டார். திறமைசாலி, ஒழுக்கமானவர். குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் என் குறை. போன வாரம் அவள் மதிய இடைவேளையில் கூப்பிட்டாள்.

"புது ஆளு எப்படி?"

"நல்ல மனுசன்."

"சண்டை போடுறாரா?"

"எது சொன்னாலும் சரிங்க மேடம்ங்கறாரு."

"ஐயய்யோ," என்று சிரித்தாள். "சரி, புதுசா என்ன எழுதுற? படி, கேக்குறேன்."

திரையைப் பார்த்துப் படித்தேன். ஒரு பக்கத்தில் பாதிகூட வரவில்லை.

"நிறுத்து. தப்பு."

"எங்கடி தப்பு?"

அந்தப் பக்கம் யாரோ அவளை மேடம் என்று கூப்பிட்டார்கள். "மீட்டிங்டி, அப்புறம் சொல்றேன்," என்று வைத்துவிட்டாள். அன்றைக்கு முழுக்க அந்தப் பத்தியைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். எங்கே தப்பு என்று எனக்குத் தெரியவில்லை.