முழங்கை இடிக்கிற ரேடியேட்டர்

பள்ளி வேன் ஓட்டி வந்த அந்தப் பெண்ணை, வேனில் வரும் பிள்ளைகள் வேனக்கா என்று கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டி ஓட்டப் போகும் திடலிலும் அந்தப் பெயரே அவளுக்கு ஒட்டிக்கொண்டது. வேன் ஓட்டும்போது வேகத்தடை வந்தால் தூங்குகிற பிள்ளை விழிக்காதபடி ஏற்றி இறக்குவாள். கார்ட்டில் உட்கார்ந்தால் ஆளே வேறு. நாற்பதை நெருங்கும் வயதில், தன்னில் பாதி வயதுக்காரர்களை வளைவின் உள்பக்கமாக நுழைந்து முந்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றியதும், "என்னப்பா, வழியிலயே சாப்பிட உக்காந்துட்டீங்களா?" என்று கேட்பாள்.

வண்டிக்கு மெக்கானிக் அவள் தம்பி. பேருந்துப் பணிமனையில் ரேடியேட்டர் பழுது பார்க்கிறவன். பெற்றோர் காலத்துக்குப் பிறகு அக்காவும் தம்பியும் மட்டுமே இருந்த வீட்டில், முன்னறை முழுக்க அந்தக் கார்ட்டுக்குத்தான். யாராவது பார்க்க வந்தால் சமையலறையில் உட்கார வேண்டும்.

காற்றில் ஆறுகிற பழைய எஞ்சின் போய், தண்ணீரில் ஆறுகிற எஞ்சின் வந்தபோது தம்பிக்குக் கொண்டாட்டம். ரேடியேட்டர் என்றால் அவன் ராஜ்யம். எஞ்சின் ஓட்டுகிறவரின் வலப்பக்கம். ரேடியேட்டர் இடப்பக்கம், இருக்கையை ஒட்டி, முழங்கைக்குப் பக்கத்தில் நிற்கும். கார்ட்டுக்கு ஸ்பிரிங் கிடையாது. சின்னக் கல்லில் ஏறினாலும் அந்த அதிர்வு வண்டிச் சட்டம் முழுக்க ஓடும். அதனால் ரேடியேட்டரைத் தாங்கும் பிராக்கெட்டை இறுக்கி முடுக்கிவிடாமல், நடுவே தடித்த ரப்பர் புஷ் வைத்து மாட்டினான். ரேடியேட்டரின் தலை எஞ்சினின் தலையைவிடச் சற்று உயரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டான். இல்லாவிட்டால் உள்ளே காற்று தங்கித் தண்ணீர் ஓடாது. முதல் சில பந்தயங்களில் சூடுகாட்டும் மீட்டரின் முள் இருக்க வேண்டிய இடத்தில் அசையாமல் நின்றது.

பிறகொரு நாள் அக்கா வண்டியை விட்டு இறங்கி, "முழங்கை இடிக்குதுடா" என்றாள்.

தம்பி பிராக்கெட்டை ஒரு விரல் அகலம் வெளியே தள்ளினான். அடுத்த வாரமும் இடித்தது. சாய்த்து வைத்தான். அப்போதும் இடித்தது. கடைசியில் கீழே இறக்கினான். இடிப்பது நின்றது, ஆனால் எஞ்சின் கொதித்தது. பந்தயத்தின் பாதியில் ஆவி கக்கிக்கொண்டு ஓரமாய் நின்ற வண்டியை இருவரும் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"பஸ்ஸுக்கெல்லாம் மாட்டுற, இந்தச் சுண்டைக்காய்க்கு மாட்டத் தெரியலையா?" என்றாள் அக்கா.

"பஸ் டிரைவர் ரேடியேட்டர் மேல கைய வைக்கிறதில்லக்கா."

அன்று வீட்டில் அவள் சட்டையைத் துவைக்கப் போடும்போது தம்பி கவனித்தான். இடது முழங்கைப் பக்கம் துணி கருகியிருந்தது. உள்ளே தோலும் கன்றிப்போயிருக்க வேண்டும். 

அவனே கார்ட்டில் உட்கார்ந்து பார்த்தான். அக்காவைவிட இருமடங்கு பருமன். அப்படியிருந்தும் அவன் முழங்கை ரேடியேட்டரைத் தொடவே இல்லை. அக்காவை உட்காரச் சொல்லி, ஸ்டியரிங்கைப் பிடிக்கவைத்து, எதிரே குத்துக்காலிட்டுப் பார்த்தான். தூக்கிப் பிடித்த இடது முழங்கை, அவள் அறியாமலேயே, மெல்ல மெல்லக் கீழே சரிந்து வந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்த சதை வற்றிக் குழியாகியிருந்தது.

"என்னடா அப்படிப் பாக்கற?"

"ஒண்ணுமில்லக்கா. நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம்."

ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார். ஊசிகள் குத்தி, மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். முடிவில் நரம்பு டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "தசைய வேலை வாங்கற நரம்பு ஒவ்வொண்ணா செத்துக்கிட்டு வருது. கையில ஆரம்பிச்சிருக்கு. இதை நிறுத்துற மருந்து எங்ககிட்ட இல்லம்மா."

"இடது பக்கம் பாரம் இல்லாம பாத்துக்கிட்டா? ஸ்டியரிங்கக் கொஞ்சம் தாழ்த்தி வச்சா?" என்று தம்பி கேட்டான்.

அக்கா சிரித்துவிட்டாள். "டாக்டர்கிட்டயும் வந்து மெக்கானிக் வேலை பாக்கறான்."

மறுநாளே வேன் சாவியைப் பள்ளியில் ஒப்படைத்தாள். யாரும் கேட்கும் முன் அவளே கொடுத்தாள். பிள்ளைகள் ஏறுகிற வண்டி. வீட்டுக்கு வந்து, "ரேடியேட்டர மொதல்ல இருந்த இடத்துலயே மாட்டு" என்றாள்.

"எதுக்குக்கா?"

"ஓட்டத்தான். காட்சிக்கு வைக்கவா?"

அவன் புது பிராக்கெட் செய்தான். புஷ்களை மாற்றினான். ஹோஸ் குழாயை மடங்காமல் வளைத்து, கிளாம்புகளை முடுக்கி, மேல் மூடியைத் திறந்து காற்றுக் குமிழி அடங்கும்வரை தண்ணீர் ஊற்றினான். அவ்வளவு நேர்த்தியாக அவன் எதையும் மாட்டியதில்லை. அக்காவின் முழங்கையில் பஞ்சு வைத்துத் தடிமனாகக் கட்டினான்.

ஆளில்லாத ஒரு வேலை நாளில் திடலுக்குப் போனார்கள். முதல் சுற்று மெதுவாகப் போனாள். அடுத்ததில் சத்தம் ஏறியது. மீட்டர் அசையவில்லை என்று விரலால் சைகை காட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பின் வந்த ஏதோ ஒரு சுற்றில், திரும்ப வேண்டிய வளைவில் வண்டி திரும்பவில்லை. நேராகப் போய் டயர் சுவரில் முட்டி நின்றது.

தம்பி ஓடினான். அவள் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

"ரேடியேட்டருக்கு ஏதாவது?"

"ஒண்ணும் ஆகலக்கா."

"நல்லா மாட்டியிருக்கடா. கைதான் வரமாட்டேங்குது." வலது கையை நீட்டி, "தூக்கி விடு" என்றாள்.

அதன்பின் அவள் ஓட்டவில்லை. கார்ட்டைப் பந்தயத்துக்கு வரும் டயர்க்கடைக்காரர் ஒருவர் விலைக்குக் கேட்டார். அக்காவே கொடுக்கச் சொன்னாள். முன்னறையில் அவளுக்குக் கட்டில் போடப்பட்டது. வலது கையும் போனது, பிறகு கால்கள். பேச்சு குழைந்து, தம்பிக்கு மட்டும் புரிகிற பாஷையானது. ஊட்டுவது, குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவன்தான். பணிமனைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி வந்து உட்காருவாள்.

ஒரு மத்தியானம் அக்கா கேட்டாள்: "வண்டி எப்படி ஓடுது?"

டயர்க்கடைக்காரர் வரிசையாக ஜெயித்துக்கொண்டிருந்தார். அதைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. "எங்க ஓடுது? கொதிக்குதாம். உன் கைக்குத்தான் அது அடங்கும்" என்றான்.

அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அதுவாவது ஓடட்டும்னு நெனச்சேன்" என்றாள்.

"இல்லக்கா, பொய் சொன்னேன். நல்லா ஓடுது. ஜெயிச்சிருக்கு" என்றான்.

அவள் நம்பவில்லை. "என்னைத் தேத்தாதடா" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த வாரமும் அவன் சொல்லிப் பார்த்தான். டயர்க்கடைக்காரரையே நேரில் வந்து சொல்லவும் கேட்டுக்கொண்டான். அவர் வருகிறேன் என்றார். வந்தபோது வாசலில் ஆட்கள் கூடிப் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.